முட்டையடுப்பின் காய்ச்சல்

பூமயிலின் காய்ச்சல் அவள் உடம்பைவிட்டு இறங்கி முட்டையடுப்புக்குள் போய் உட்கார்ந்தது ஓர் ஆவணி மாத வெள்ளிக்கிழமை, சரியாக மாலை நாலு மணிக்கு. அன்றைக்குத்தான் ஏர்வாடி போகிற பஸ் எங்கள் விலக்கில் பஞ்சராகி நின்றது, அன்றைக்குத்தான் தபால்பெட்டிக்குக் கீழே யாருடையது என்று தெரியாத ஓர் ஆடு மூன்று குட்டி போட்டது, பஸ்ஸில் வந்த அறுபது பேரும் இறங்கி ஆட்டையும் பார்த்தார்கள், அடுப்பையும் பார்த்தார்கள், ஆகவே அந்த நாளையும் நேரத்தையும் பற்றி எங்களுக்குள் இதுவரை தகராறு வந்ததில்லை. பஞ்சர் ஒட்டியவன் நான். என் பெயர் வில்லாயுதம்.

எங்கள் ஊர் உப்போடை விலக்கு, அதாவது பெரிய சாலையிலிருந்து உப்போடைக்குப் பாதை பிரிகிற இடம். ராமநாதபுரத்திலிருந்து கடலோரமாகப் போகும் சாலையில், பெரிய ஊர்களுக்குப் போகிறவர்கள் காலாற இறங்கிவிட்டு உடனே ஏறிப் போய்விடுகிற இடம். சாலையோரம் பூமயிலின் சாப்பாட்டுக் கடை, என் பஞ்சர் கடை, ஒரு துணை சுகாதார நிலையம். பின்னால் நாற்பது வீடு. அதற்கும் பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக் கருவேலம், அதற்கு நடுவே ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும் எங்கள் கரிமூட்டங்கள். கருவேலத்தை வெட்டி, கூம்பாக அடுக்கி, தழை போட்டு, ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்து, அது எரிந்தும் போகாமல் அணைந்தும் போகாமல் பத்து நாள் காவல் காத்துக் கரியாக்கி எடுப்பதுதான் நாற்பது வீட்டுக்கும் தெரிந்த வேலை. அந்தக் கரி கோயமுத்தூர் போகிறது, சென்னை போகிறது, கப்பலேறிக்கூடப் போகிறதாம். ஆனால் அதில் சுட்ட கோழி எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் எங்கள் வீடுகளில் எல்லாம் கேஸ் அடுப்பு.

பூமயிலுக்கு அந்தக் காய்ச்சல் வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. தினமும் நாலு மணிக்கு வரும், ஏழு மணிக்குப் போகும், நூற்றொன்றுக்கு மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. ராமநாதபுரத்தில் பார்த்தார்கள், மதுரையில் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதமும் கொடுத்தார்கள், அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிற பஸ்ஸிலேயே மணி நாலாகிவிடும். அவள் அதற்காகப் படுத்துக்கொண்டதில்லை. காய்ச்சலோடு சோறு வடித்தாள், காய்ச்சலோடு பரிமாறினாள். ஆனால் அந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது, ஒன்று மூன்றாம் மாதம் போயிற்று, இன்னொன்று ஐந்தாம் மாதம் போயிற்று, இரண்டு தடவையும் மதுரை டாக்டரம்மா ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: "இந்தக் காய்ச்சல் இருக்குற வரைக்கும் தங்காதும்மா."

அடுப்பு வாங்கும் யோசனை ஒரு கோயமுத்தூர்க்காரரால் வந்தது. காரை நிறுத்திச் சாப்பிட வந்தவர், கடைக்குப் பின்னால் மலைபோல் கிடந்த கரிமூட்டைகளைப் பார்த்துவிட்டு, "இத்தனை கரியை வெச்சுக்கிட்டு ஒரு கிரில் சிக்கன் இல்லீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அது பூமயிலுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. மறு வாரமே கணவன் சாத்தையாவை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். சாத்தையா எங்கள் ஊரிலேயே கெட்டிக்கார மூட்டக்காரன், எந்த மூட்டம் எப்போது வேகும் என்று புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான், ஆனால் மதுரைக் கடைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கடையில் இருந்தவர் பெயர் லாசர். கமாடோ என்று ஒரு பெயர் சொல்லி, முட்டை வடிவத்தில் இரண்டு அடுப்புகளைக் காட்டினார். ஒன்று சுட்ட மண், இன்னொன்று எஃகு.

"மண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உங்க ரோட்டுல கொண்டுபோய்ச் சேர்க்குறதுக்குள்ள விரிசல் விட்டுரும். இது ரெட்டைச் சுவரு. எஃகுக்கு நடுவுல பஞ்சு மாதிரி ஒன்னு அடைச்சிருக்கு. உள்ள இருக்குற சூடு வெளிய வராது. ரெண்டு பேரு தூக்கிறலாம்."

உள்ளே தீ எரிந்துகொண்டிருந்த ஒன்றைக் காட்டினார். பூமயில் அதன் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், பிள்ளையின் நெற்றியில் வைத்துப் பார்ப்பது போல.

"எனக்கு இருக்குற சூடுகூட இதுக்கு இல்லையே" என்றாள். மணி நாலரை.

வாங்கிவிட்டாள். விலையைச் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். ஆனால் வாங்குகிறவள் சும்மா வாங்கவில்லை. மூடிக்கும் வாய்க்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தாள், சுற்றிலும் எட்டு இடத்தில் இழுத்துப் பார்த்தாள், எட்டு இடத்திலும் காகிதம் பிடிவாதமாக நின்றது. லாசர் சொன்னதை எல்லாம் சாத்தையாவையும் மனப்பாடம் செய்ய வைத்தாள்: தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, காய்ந்த துணியால் துடைக்கணும், மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்கக் கூடாது, சாம்பல் தட்டை தினம் இழுத்துக் கொட்டணும், கீலுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய், வாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் கம்பளிப் பட்டையைத் தேய்க்கக் கூடாது, தீயை அணைக்க உச்சியில் புகை போகிற மேல்மூடியையும் அடியில் காற்று வருகிற கீழ்க்கதவையும் மூடினால் போதும், தானாகத் தூங்கிவிடும், சூடாக இருக்கும்போது மூடியை ஒரேயடியாகத் திறக்காமல், முதலில் ஒரு விரல் திறந்து, அதை மூச்சுவிட வைத்து, பிறகு திறக்கணும். சாத்தையா மூட்டம் போடுகிற முறையைக் கேட்பது போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அடுப்பு கடை வாசலில் இறங்கியது. முதல் தீ மெதுவாக மூட்டவேண்டும் என்று லாசர் சொல்லியிருந்ததால், பூமயில் அரை மூட்டை கரியை உள்ளே பரப்பி, தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். அப்போது மணி நாலு. காய்ச்சல் வழக்கம்போல் பிடரியிலிருந்து ஏறத் தொடங்கியது, அவள் வழக்கம்போல் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வதற்காக அடுப்பின் மூடியைச் சாத்தி அதன் மேல் நெற்றியைச் சாய்த்தாள், ஏறிக்கொண்டிருந்த சூடு அப்படியே நெற்றி வழியாக இறங்கிப் போய்விட்டது. மூடியில் பதித்திருந்த வட்டமான வெப்பமானியின் முள் மெல்ல அசைந்து நூற்றொன்றில் வந்து நின்றது.

"ஏங்க, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டாள்.

சாத்தையா வந்தான். "என்ன புள்ள, தீ வச்சிட்டியா?"

"இல்ல. இதுக்குக் காய்ச்சல்."

அவன் குனிந்து கீழ்க்கதவைத் திறந்து பார்த்தான். கரி கரியாகவே கிடந்தது, ஒரு பொறிகூட இல்லை. புறங்கையை மூடியில் வைத்தான். பிறகு அவள் கழுத்தில் வைத்தான். அங்கே வைத்த கையை வெகு நேரம் எடுக்கவில்லை. "ஆமா, அதுக்குத்தான் காயுது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்து அடுப்பின் மேல் போர்த்தினான். ஏழு மணிக்கு முள் இறங்கியது. மறுநாள் நாலு மணிக்கு ஏறியது. பூமயிலுக்கு ஏறவில்லை.

காய்ச்சல்காரர் வயிற்றில் கோழியை வைத்துச் சுடுவது எப்படி? ஆகவே கிரில் சிக்கன் யோசனை அப்படியே நின்றது. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. முதல் வாரம் பெண்கள் கஞ்சி கொண்டுவந்தார்கள், மிளகு ரசம் கொண்டுவந்தார்கள், அடுப்பு குடிக்காது என்று பூமயில் சொன்னதும் தாங்களே குடித்துவிட்டுப் போனார்கள், அதிலிருந்து சாயங்காலம் அங்கே உட்கார்ந்து மிளகு ரசம் குடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. நாலிலிருந்து ஏழு வரை கடையில் அப்பளம் பொரிப்பதில்லை, எண்ணெய் நெடி ஆகாதென்று. பஸ் டிரைவர்களிடம் சொல்லிவைத்தோம், அவர்களும் விலக்குக்கு வரும்போது ஹாரன் அடிக்காமல் வந்தார்கள். அடுப்பை அது இது என்று சொல்வதையும் நாங்கள் விட்டுவிட்டோம், வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்று, "அவுகளுக்கு இன்னைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

புரட்டாசி மழையில் முனீஸ்வரியின் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அவள் யாரையும் கேட்கவில்லை, நேரே வந்து பிள்ளையின் நெற்றியை மூடியில் சாய்த்தாள், முள் நூற்று மூன்றுக்குப் போயிற்று, பிள்ளை இட்லி கேட்டது. அதற்குப் பிறகு வராதவர்கள் யார்? உப்போடை வந்தது, சுற்றுவட்டம் வந்தது, பஸ் பிடித்து வந்தார்கள், குட்டியானை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் இருமலை இறக்கிவைக்க அரைநாள் முயன்று பார்த்தார், நடக்கவில்லை. ஒருத்தி மாமியாரின் கோபத்தை இறக்க முடியுமா என்று மாமியாரையே கூட்டி வந்தாள். அதுவும் நடக்கவில்லை, போகும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. டி.வி.க்காரர்கள் கேமராவோடு வந்தார்கள், அன்றைக்கு என்னவோ யாருக்கும் காய்ச்சல் இல்லை, அவுகளும் குளிர்ந்து கிடந்தார்கள், வந்தவர்கள் மீன் குழம்பைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

சுகாதார நிலையத்து ஜெசிந்தா சிஸ்டர் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் சண்டை வரும் என்று நினைத்தோம்.

"காய்ச்சல் போனா நோய் போச்சுன்னு எவன் சொன்னான்? ரத்தம் குடுக்காம இங்க இருந்து ஒருத்தரும் நகரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அதுவரை ஊசி என்றால் கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளிகிற எங்கள் ஆட்கள் எல்லாம் வரிசையில் நின்று, ஒரு பக்கம் நெற்றியைச் சாய்த்து, மறு பக்கம் கையை நீட்டினார்கள்.

பூமயில் அடுப்பை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். காலையில் காய்ந்த துணியால் துடைப்பாள். எரியாத அடுப்பில் சாம்பல் ஏது, ஆனாலும் தட்டை இழுத்துப் பார்த்துத் தட்டிவிட்டு உள்ளே தள்ளுவாள். கீலுக்கு எண்ணெய் விடுவாள். மூடியை மட்டும் அவள் திறக்கவில்லை. கார்த்திகையில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் கடந்தது, சாத்தையாவிடம் சொன்னாள். ஐந்தாம் மாதம் கடந்தது, ஜெசிந்தா சிஸ்டரிடம் சொன்னாள், அதாவது எங்கள் எல்லாரிடமும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு ஏன் என்று தெரியாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வந்த இரண்டு சைக்கிளுக்குச் சும்மாவே காற்று அடித்துவிட்டேன்.

ஆனால் முள் இறங்குவதை நிறுத்திவிட்டது. மார்கழியிலேயே ஏழு மணிக்கு இறங்குவது நின்றுபோய், தையில் முந்நூறில் நின்றது, பங்குனியில் ஐந்நூறில் நின்றது, ஆயிரம் பேரின் காய்ச்சல் உள்ளே இருந்தால் அது எங்கேதான் போகும்? சித்திரையில் முள் மானியின் கடைசி எண்ணான எழுநூறில் முட்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. நாங்கள் துண்டை எடுத்துவிட்டோம், துண்டு பொசுங்கியது. நெற்றி சாய்க்க யாரையும் கிட்டே விடுவதில்லை என்று நிறுத்திவிட்டோம். மூடி சேருமிடத்தில் பச்சைச் சாயம் பழுப்பாகி, உள்ளே கம்பளிப் பட்டை கருகுகிற வாடை வந்தது. பூமயில் லாசருக்குப் போன் போட்டாள். பட்டை தேய்கிற பொருள்தான், புதிசு அனுப்புகிறேன், ஆனால் மாற்ற மூடியைத் திறந்தாகவேண்டும் என்றார்.

"திறக்க முடியாது" என்றாள் பூமயில்.

அவள் மறைக்கவில்லை, எங்கள் எல்லாருக்கும் முன்னால் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "உள்ள போனதுல என்னோடதுதான் முதல்ல போச்சு. திறந்தா அது என்கிட்டத்தான் வரும். வந்தா இந்தப் பிள்ளையும் போயிரும். எனக்குப் பயமா இருக்கு. பிறக்குற வரைக்கும் யாரும் திறக்காதீங்க, அதுக்குப் பிறகு எனக்கு எத்தனை காய்ச்சல் வந்தாலும் வரட்டும்."

நாங்கள் ஒத்துக்கொண்டோம். இன்னும் மூன்று மாதம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கலைந்தோம். அடுப்பில் கை வைக்காத எங்கள் பொறுமை வைகாசி பிறந்த ஆறாம் நாள் வரை நின்றது.

அன்றைக்கு நடந்ததை நான் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் தொடங்கிவைத்தவன் நான். பஞ்சர் பார்ப்பவனுக்குக் காது எப்போதும் காற்று கசிகிற சத்தத்தில்தான் இருக்கும். மத்தியானம் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தபோது வேறொரு சத்தம் கேட்டது, நிமிர்ந்து பார்த்தால், அடுப்பின் மூடி சேருமிடத்திலிருந்து நூல்போல் ஒரு புகை. அந்த நேரம் பார்த்து, புது மூட்டம் மூடுவதற்காக ஈரமண் சட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு சாத்தையாவும் இன்னும் பதினான்கு பேரும் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். "ஏப்பா, கசியுது" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

மூட்டக்காரனுக்கு முன்னால் புகை கசியக் கூடாது. கசிகிற புகை என்றால் உள்ளே விறகு கரியாகாமல் சாம்பலாகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற கை எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது, கல்யாண வீட்டு ஊதுபத்தியைக்கூட இரண்டு முறை பூசியிருக்கிறார்கள். சாத்தையா முதல் கை மண்ணை அள்ளி அப்பினான். புகை வேறு இடத்தில் எட்டிப் பார்த்தது, இன்னொருவர் அங்கே அப்பினார், அது மேல்மூடிக்கு ஏறியது, மேலே அப்பினார்கள், கீழ்க்கதவில் வந்தது, கீழே அப்பினார்கள், முப்பது கைகளும் சேர்ந்து வழித்து, தட்டி, தடவி, அவர்கள் பின்வாங்கி நின்றபோது மூடியும் இல்லை, மானியும் இல்லை, முள்ளும் இல்லை, கடை வாசலில் ஒரு பெரிய மண் முட்டைதான் இருந்தது. நல்ல பூச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கை கழுவப் போனார்கள்.

பூமயில் சோறு வடித்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன செஞ்சிருக்கீக?"

சாத்தையா தன் கையைப் பார்த்தான். "புகை கசிஞ்சுச்சு புள்ள."

"அதுக்கு?"

"அதுக்கு... கை போயிருச்சு."

அவள் அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நான் லாசருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மண்ணா? அண்ணே, மூடியத் திறக்குறதுக்கு முன்னாடி காத்து விடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? நீங்க காத்தே இல்லாம அடைச்சு வச்சிருக்கீங்க. இப்பத் தட்டுனீங்கன்னா உள்ள இருக்குறது அம்புட்டும் மூஞ்சியிலதான் பாயும். தொட்டுறாதீங்க. யாரும் தொட்டுறாதீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பட்டைய பார்சல்ல போட்டு விடுறேன்" என்றார்.

தொடவில்லை. மூட்டத்தை அடைத்தால் பத்து நாள் திறக்கக் கூடாது, அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும், அது எங்களுக்கு லாசர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே காத்திருந்தோம். உள்ளே அடைபட்டது வழி தேடி அவளிடம் திரும்பி வருமா வராதா, அதுதான் கேள்வி, அதற்குப் பதில் தினமும் நாலு மணிக்குத்தான் தெரியும். மூன்றரைக்கே காட்டு வேலையை விட்டுவிட்டு நாற்பது வீடும் சாலைக்கு வந்து நிற்கும். பூமயில் கடை நாற்காலியில் உட்காருவாள், ஜெசிந்தா சிஸ்டர் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைப்பார், அது கீக் என்று கத்தும்வரை யாரும் இருமுவதுகூட இல்லை. "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு" என்பார் சிஸ்டர். அது வாய்விட்டு வாய் தாவி, கடைசி மூட்டத்தில் காவலுக்கு இருப்பவன் வரைக்கும் போய்ச் சேரும். பிறகு ஏழு மணி வரை அரைமணிக்கொரு தரம் இதே கூத்து.

ஆறாம் நாள் தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு காட்டியது. சாத்தையா எழுந்து சாலைக்கு அந்தப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தோம், யாரும் கிட்டே போகவில்லை.

"கடைசியா என்ன குடிச்ச?" என்று கேட்டார் சிஸ்டர்.

"மிளகு ரசம்" என்றாள் பூமயில்.

"எப்ப?"

"இப்பத்தான். சூடா."

சிஸ்டர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். இருபது நிமிடம் கழித்து வைத்ததில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. சாத்தையா அங்கிருந்தே எண்ணைக் கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அவள் கையிலிருந்த ரச டம்ளரை வாங்கி வைத்துவிட்டான்.

பதினோராம் நாள் காலையில் சாத்தையா மண் முட்டையைச் சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், மோந்து பார்த்தான். "ஆறிருச்சு. இதுக்கு மேல விட்டா மண்ணு காஞ்சு வெடிச்சு அதுவாத் திறந்துக்கிரும்" என்றான். பூமயிலை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டுத் திறக்கலாம் என்று சிஸ்டர் சொன்னார், நாங்களும் அதையே சொன்னோம், கார்கூடப் பிடித்துவிட்டோம். அவள் ஏற மறுத்துவிட்டாள்.

"நான் இல்லாம திறந்தா அது என்னைத் தேடி ஊர் பூரா அலையும். வழியில முனீஸ்வரி பிள்ளை மாதிரி ஒரு பச்சப்பிள்ளை கெடைச்சா அது மேல ஏறிக்கிரும். எம் பிள்ளைக்காக இன்னொரு பிள்ளைய விட முடியுமா? நான் இங்கனயே நிக்கிறேன். திறங்க."

முந்தானையை வயிற்றைச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டு, அடுப்புக்கு எதிரே, இரண்டடி தள்ளி நின்றாள். சாத்தையா மூட்டம் பிரிக்கிற முறைப்படி உச்சியில் ஒரு விரல் மண்ணைப் பெயர்த்தான், காத்திருந்தான், இன்னொரு விரல் பெயர்த்தான், காத்திருந்தான். ஒன்றும் பாயவில்லை. மண்ணை உதிர்த்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, மூடியை ஒரு விரல் திறந்து மூச்சுவிட வைத்து, பிறகு முழுசாகத் திறந்தான். ஜில்லென்று, மழைக்காலத்துத் தரையிலிருந்து வருகிற மாதிரி, ஒரு மண்வாசனை வந்தது.

உள்ளே கரி இருந்தது. ஆவணியில் அவள் பரப்பிய அரை மூட்டைக்கு மேலே, வாய் வரைக்கும், விளிம்பு வரைக்கும், கறுப்பாக, பளபளப்பாகக் கரி. காற்று இல்லாமல் அடைத்துவைத்தால் விறகு என்ன ஆகுமோ அதுவேதான் காய்ச்சலும் ஆகியிருந்தது. சாத்தையா ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டினான், கண்ணாடி வளையல் மாதிரி கிணுங்கென்றது. அப்படிச் சத்தம் வந்தால் முதல் தரம். மேலாகச் சுள்ளி சுள்ளியாகக் கிடந்தவை பிள்ளைகளின் இரண்டு நாள் காய்ச்சல், அதை யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. நடுத்தரக் கட்டைகள் டெங்குவும் டைபாய்டும். அடியில், தனியாக, இரண்டு கை சேர்த்துத் தூக்கவேண்டிய ஒரு தூர்க்கட்டைக் கரி, வெட்டுமுகத்தில் மூன்று வளையம். பூமயில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதையா நான் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்?" என்றாள்.

சிஸ்டர் தெர்மாமீட்டரை நீட்டினார். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

அந்தக் கரியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கடலில் போடலாம் என்றார்கள், புதைக்கலாம் என்றார்கள், கொளுத்தினால் காய்ச்சல் புகையாக எழும்பி ஊரைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒருவர் பயமுறுத்தினார்.

"இத்தனை வருசமா மூட்டம் போடுறீக. கரியான கட்டை மறுபடி துளிர்த்து யாராச்சும் பார்த்திருக்கீகளா?" என்று கேட்டாள் பூமயில். யாரும் பார்த்ததில்லை. "அப்பக் கோழியக் கொண்டாங்க."

சாத்தையா கருகிய கம்பளிப் பட்டையைச் சுரண்டி எடுத்து, பார்சலில் வந்த புதுப் பட்டையை ஒட்டினான். பூமயில் காகிதம் வைத்து எட்டு இடத்தில் இழுத்துப் பார்த்தாள். சாத்தையா அந்தத் தூர்க்கட்டையை ஒரே அடியில் உடைத்து அடியில் பரப்ப, அவள் மேலே சுள்ளிகளைப் போட்டுத் தீ வைத்தாள். லாசர் போனிலேயே நின்று வழி சொன்னார்: கீழ்க்கதவு ஒரு விரல், மேல்மூடி அரை விரல், முள் இருநூற்றைம்பது வந்ததும் கோழியை வைத்து மூடிவிடுங்கள், அதற்குப் பிறகு திறந்து திறந்து மட்டும் பார்க்காதீர்கள், அதுதான் எல்லாரும் செய்கிற தப்பு என்றார். எங்களிடமா சொல்கிறார்! மூடிய தீயைத் திறந்து பார்க்காமல் பத்து நாள் இருப்பவர்கள் நாங்கள். புகை வெள்ளையாக வந்தது, பிறகு நீலமாக மெலிந்தது, சாத்தையா அதைப் பார்த்தே கோழி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான், ஒருமுறைகூடத் தப்பவில்லை. அந்தப் புகைக்குள் நாற்பது வீடும் நின்றோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பசித்தது, அவ்வளவுதான்.

இருபது கோழி, மூன்று மூன்றாக. முதல் கோழி மத்தியானம் இறங்கியது. மற்ற நாளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழிக்கிற பூமயில், அன்றைக்கு முதல் காலைப் பிய்த்துத் தானே தின்றாள், யாரையும் பார்க்காமல் தின்றாள். எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்றது. நாங்கள் வருடக்கணக்காக ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த கரி இப்படித்தான் ருசிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். பிறகு ஒரே பேச்சு. யாருக்குத் தொடை, யாருக்கு நெஞ்சு, அடுத்தது ஆட்டுக்கால் வைத்தால் என்ன, ஊளி மீன் வைத்தால் என்ன, சிஸ்டர் மிளகாய்ப் பொடி போதாது என்றார், சாத்தையா புகையைப் பற்றிப் பிரசங்கம் செய்தான், டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள், பூமயில் இடுக்கியும் கையுமாக எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வந்த ஓர் அம்மா என்னிடம் மணி கேட்டார். போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சேகால்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்தேன். சிஸ்டர் வாயில் துண்டோடு என்னைப் பார்த்தார், சாத்தையா பேச்சை நிறுத்தினான், ஒவ்வொருவராக எல்லாரும் நிறுத்தினார்கள். நாலு மணி எப்போதோ வந்து போயிருந்தது, மூன்று வருடமும் ஒன்பது மாதமும் கழித்து, எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பூமயில் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றதும் திரும்பி, "என்ன?" என்றாள்.

"அஞ்சேகால் ஆச்சு புள்ள" என்றான் சாத்தையா.

அவள் இடுக்கியை வைத்துவிட்டுப் புறங்கையைத் தன் கழுத்தில் வைத்தாள். அப்படியே நின்றாள். அப்புறம்தான் அழுதாள், அன்றைக்கு மண் பூசிய நாளில் அழாததற்கும் சேர்த்து, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதாள். எங்களில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து அழுதோம். அழுதுகொண்டே, "கோழி கருகுதுடா, எவனாவது பாருங்களேன்" என்று கத்தினாள்.